பார்க்காத ஊரில் ஒரு சிலை - ஃப்ராங்க் ஸாப்பாவும் அவர் ரசிகர்களும்

லிதுவேனியாவின் தலைநகரம் வில்னியஸ். 1995 டிசம்பர் மாதக் குளிரில், ராணுவ பாண்டு வாத்தியம் முழங்க, ஒரு சிலை திறக்கப்பட்டது. உயரமான கம்பத்தின் உச்சியில் ஒரு தலை மட்டும். அடர்ந்த மீசை, உதட்டுக்குக் கீழே சின்னதாக ஒரு தாடி, நீண்ட முடி. அரசியல் தலைவர் இல்லை, போர்வீரர் இல்லை. ஃப்ராங்க் ஸாப்பா என்ற அமெரிக்க ராக் இசைக்கலைஞர்!

இதில் வேடிக்கை என்னவென்றால், ஸாப்பா தன் வாழ்நாளில் ஒருமுறைகூட லிதுவேனியாவுக்குப் போனதில்லை. அந்த நாட்டைப் பற்றி ஒரு பாட்டும் எழுதியதில்லை. இன்னொரு வேடிக்கை, சிலையை வடித்த கான்ஸ்டான்டினாஸ் போக்டானஸ் சோவியத் காலத்தில் லெனினுக்குச் சிலை செய்தவர். 1991ல் அந்த ஊரின் சதுக்கத்திலிருந்து ஒரு பெரிய லெனின் சிலை கிரேன் வைத்து இறக்கப்பட்டது. நாலே வருடத்தில் லெனின் சிற்பியின் கையாலேயே ஸாப்பா வந்து சேர்ந்தார். சிலைக்கு முயற்சி எடுத்தவர்கள் உள்ளூர் ரசிகர் மன்றத்தார். அதை முன்னின்று நடத்தியவர் சவுலியஸ் பவுக்ஷ்டிஸ் என்ற புகைப்படக் கலைஞர்.

யார் இந்த ஸாப்பா? பார்த்தே இராத ஊரில் சிலை வைக்கும் அளவுக்கு என்ன செய்தார்?

விஷவாயு முகமூடியும் ஒரு டிரங்க் காலும்

1940 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தவர் ஸாப்பா. அப்பா இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்தவர். அமெரிக்க ராணுவத்தின் ரசாயன ஆயுதக் கூடத்தில் வேலை. விபத்து நடந்தால் போட்டுக்கொள்ள, வீட்டிலேயே விஷவாயு முகமூடிகள் தொங்கிக்கொண்டிருக்குமாம். அரசாங்கத்தின் மேல் அவருக்குக் கடைசி வரை இருந்த சந்தேகத்துக்கு அங்கேயே விதை விழுந்திருக்கலாம்.

1950களில் குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் பருவத்தில் எட்கார் வரேஸ் என்ற இசையமைப்பாளரின் இசைத்தட்டு ஒன்று அவரிடம் சிக்கியது. மெலடி எதுவும் இல்லாமல், மேளமும் சைரனும் ஒலிக்கும் இசை. மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் அந்த இசைக்குப் பையன் அடிமையாகிவிட்டான். 15வது பிறந்தநாளுக்கு அம்மா 5 டாலர் தருவதாகச் சொன்னபோது, அதற்குப் பதிலாக நியூயார்க்கில் இருக்கும் வரேஸுக்கு ஒரு டிரங்க் கால் போட அனுமதி கேட்டான். வரேஸ் அப்போது வெளியூரில் இருந்தார், அவர் மனைவிதான் பேசினார். பிற்பாடு வரேஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை ஸாப்பா கடைசி வரை பொக்கிஷமாக வைத்திருந்தார்.

ஆக, ஸாப்பாவின் கதையே ஒரு ரசிகனின் கதையாகத்தான் ஆரம்பிக்கிறது.

யாரையும் விட்டுவைக்காத கிண்டல்

1966ல் அவருடைய 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' குழுவின் முதல் ஆல்பம் 'ஃப்ரீக் அவுட்' வந்தது. முதல் ஆல்பமே இரட்டை இசைத்தட்டு. ராக் இசையில் அது அன்றைக்குப் பெரிய புதுமை. கேலிப் பாட்டுகளுக்கு நடுவே, 1965ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தைப் பற்றிய கோபமான பாட்டும் அதில் இருந்தது.

1968ல் அடுத்த வெடி. அப்போது உலகமே பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ஸாப்பா அந்த அட்டைப்படத்தையே நையாண்டி செய்து, 'நாங்கள் காசுக்காகத்தான் இதில் இருக்கிறோம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு ஆல்பம் போட்டார். அதில் அடி வாங்கியவர்களில் அவருடைய இசையை வாங்கிக் கேட்ட ஹிப்பிகளும் உண்டு! நீண்ட முடியைப் பார்த்து இவரும் போதை ஆசாமி என்று நினைத்தவர்கள் ஏராளம். உண்மை நேர்மாறானது. காபி, சிகரெட் இரண்டும் அளவில்லாமல் உண்டு. ஆனால் சுற்றுப்பயணத்தில் குழுவினர் போதைப்பொருளைத் தொடக்கூடாது என்பது கண்டிப்பான விதி.

ராக், ஜாஸ், மேற்கத்திய செவ்வியல் இசை எல்லாம் அவர் கையில் ஒன்றாகக் கலந்தன. வாசிக்கவே முடியாத அளவுக்குக் கடினமாக எழுதுவார், அதை வாசிக்கக் கூடியவர்களைத் தேடிப் பிடிப்பார். ஜார்ஜ் டியூக், டெர்ரி போஸியோ, ஸ்டீவ் வை என்று அவரிடம் வாசித்துப் பேர் பெற்றவர்களின் பட்டியல் நீளம். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் வித்வான் எல். ஷங்கரும் அவரோடு மேடையேறியவர்தான். ஷங்கரின் 'டச் மீ தேர்' ஆல்பத்தைத் தயாரித்து, 1979ல் தன் சொந்த நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டவர் ஸாப்பா.

எல்லாமே பாராட்டும்படி இருந்தது என்று சொல்ல முடியாது. பெண்களைப் பற்றிய அவருடைய சில பாட்டுகள் அன்றைக்கே கண்டனத்துக்கு ஆளாயின. 1979ல் யூதப் பெண்களைக் கேலி செய்த ஒரு பாட்டுக்கு யூத அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்தது. ஸாப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று கேட்டால் அவருடைய தீவிர ரசிகர்களே நெளியும் இடங்கள் அவர் ஆல்பங்களில் உண்டு. நையாண்டி என்ற கத்தி வலியவர்களை மட்டுமே பார்த்து வெட்டுவதில்லையே!

கணக்கில் கறார்

'காசுக்காகத்தான் இருக்கிறோம்' என்பது கிண்டல் தலைப்பு. ஆனால் காசு விஷயத்தில் ஸாப்பா உண்மையிலேயே கறார் பேர்வழி. முதல் ஆல்பங்களை வெளியிட்ட எம்ஜிஎம் நிறுவனத்தோடு ராயல்டிக்காக வழக்கு. மேனேஜரோடு வழக்கு. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தோடு வழக்கு.

1977ல் நடந்தது இதில் உச்சம். 'லெதர்' என்ற நான்கு இசைத்தட்டுத் தொகுப்பை அவர் தயாரித்து வைத்திருந்தார். வார்னர் பிரதர்ஸோடு வந்த தகராறில் அதை வெளியிட முடியவில்லை. அந்த டிசம்பரில் அவர் கலிபோர்னியாவின் கேராக் வானொலி நிலையத்துக்குப் போய், தொகுப்பு முழுவதையும் ஒலிபரப்பவைத்து, நேயர்களை டேப்பில் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். தன் சரக்கைத் தானே இலவசமாக விநியோகித்த முதலாளி! அந்தத் தொகுப்பு முறையாகக் கடைக்கு வந்தது 1996ல். அதற்குள் அவர் இறந்து மூன்று வருடமாகிவிட்டது.

பிறகு 1981ல் 'பார்க்கிங் பம்ப்கின்' என்ற சொந்த நிறுவனம். கூடவே தபால் வழி விற்பனை. பெரிய கம்பெனிகளை நம்பாமல், பாட்டின் மூல டேப்புகளைத் தன் கைக்குக் கொண்டுவந்து, ரசிகனுக்கு நேரடியாக விற்பது அவருடைய வழி. 1989ல் வந்த சுயசரிதையில் ஒரு திட்டத்தையும் விவரித்திருக்கிறார். இசைத்தட்டு அச்சடிப்பதும் லாரியில் ஏற்றுவதும் வீண் செலவு. பாட்டைத் தொலைபேசி அல்லது கேபிள் கம்பி வழியாக வீட்டுக்கே அனுப்பலாம், வீட்டில் பதிவு செய்துகொள்ளட்டும், பில் தானாகவே வரட்டும், அட்டைப்படம் டிவி திரையில் தெரியட்டும் என்பது அந்தத் திட்டம். ஐ-டியூன்ஸ் கடை திறந்தது 2003ல்!

திருட்டுப் பதிவுக்காரர்களை அவர் கையாண்ட விதம் இன்னும் சுவாரசியம். கச்சேரிகளில் ரகசியமாகப் பதிவு செய்து விற்றவர்கள் மேல் அவருக்கு அடங்காத கோபம். 1991ல் அவர்களுடைய திருட்டுப் பதிவுகளையே எடுத்து, அதே அட்டைப்படங்களோடு, 'பீட் த பூட்ஸ்' என்ற பெயரில் ரைனோ நிறுவனம் மூலமாக முறைப்படி வெளியிட்டார். திருடனிடமே திருடிய கதைதான்.

செனட் சபையில் ஒரு நாள்

1985ல் வாஷிங்டனில் அரசியல் பிரமுகர்களின் மனைவிமார் சிலர் சேர்ந்து ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். பாட்டுகளில் ஆபாசம் பெருகிவிட்டது, இசைத்தட்டுகளில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர், அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் மனைவி சூசன் பேக்கர் ஆகியோர் முக்கியமானவர்கள். 1985 செப்டம்பர் 19 அன்று செனட் குழு விசாரணை நடத்தியது.

ஸாப்பா கோட்டு டையோடு வந்து உட்கார்ந்தார். கையில் எழுதி எடுத்துவந்த அறிக்கை. பொடுகுக்கு வைத்தியமாகத் தலையை வெட்டச் சொல்வது போல இருக்கிறது இந்த யோசனை என்றார். அதோடு நிற்காமல் வணிகக் கணக்கையும் போட்டுக் காட்டினார். காலி கேசட்டுகளுக்கு வரி போடும் மசோதா ஒன்று அப்போது நிலுவையில் இருந்தது. அந்த வரி கிடைத்தால் லாபம் இசைக் கம்பெனிகளுக்கு. அதனால்தான் கம்பெனிகள் இந்தப் பிரமுகர்களை எதிர்க்காமல் வளைந்து கொடுக்கின்றன என்பது அவர் வாதம். எச்சரிக்கை ஒட்டி என்னவோ வந்துவிட்டது. ஆனால் அந்த விசாரணையின் ஒலிப்பதிவையே வெட்டி ஒட்டி, அதே வருடம் ஒரு ஆல்பத்தில் சேர்த்துவிட்டார் மனிதர்.

இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம்

இத்தனையும் அமெரிக்கக் கதை. ஸாப்பாவின் பெயர் அவருக்கே தெரியாமல் வேறொரு இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. அதற்கு அடுத்த மாதமே, பிராக் நகரில் மிலன் ஹிலாவ்ஸா என்ற இளைஞர் ஒரு ராக் குழு தொடங்கினார். பெயர் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யூனிவர்ஸ்'. ஸாப்பாவின் 1967 ஆல்பத்தில் 'பிளாஸ்டிக் பீப்பிள்' என்று ஒரு பாட்டு உண்டு. அமெரிக்காவின் போலி மனிதர்களைக் கிண்டல் செய்த பாட்டு. பிராக் இளைஞர்களுக்குத் தங்களைச் சுற்றி இருந்த போலிகளுக்கும் அந்தப் பெயர் பொருந்தியது.

1970ல் அந்தக் குழுவின் தொழில்முறை உரிமம் பறிக்கப்பட்டது. அவர்கள் கிராமத்துக் கொட்டகைகளில் ரகசியமாக வாசித்தார்கள். 1976ல் கைது, வழக்கு. குழுவின் வழிகாட்டி இவான் யிரூஸுக்கு 18 மாதச் சிறை. அந்த விசாரணையைப் பார்க்க வந்தவர்களில் நாடகாசிரியர் வாக்லாவ் ஹாவெலும் ஒருவர். பாட்டுப் பாடியதற்குச் சிறையா என்ற கோபம் அறிவாளிகளையும் முடி வளர்த்த இளைஞர்களையும் ஒன்று சேர்த்தது. 1977 ஜனவரியில் வந்த 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கைக்கு அந்த வழக்கு முக்கியமான தூண்டுகோல். 1989 டிசம்பரில் ஹாவெல் அந்த நாட்டின் ஜனாதிபதியானார்.

1990 ஜனவரியில் ஸாப்பா பிராக் போனார். விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கூடியிருந்தார்கள். இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போகும் போலீஸ், 'உன்னிடமிருந்து ஸாப்பாவை அடித்து வெளியேற்றுகிறோம் பார்' என்று மிரட்டுமாம். இதை அவரிடமே சொன்னார்கள். அந்த நாட்டில் அவருக்கு ஒரு பைசா ராயல்டி வந்திருக்காது. கள்ளத்தனமாக வந்த இசைத்தட்டும், அதிலிருந்து டேப்புக்கு டேப் நகலெடுத்ததும்தான் அங்கே புழக்கம். கணக்குப் புத்தகத்தில் பூஜ்யமாக இருந்த அந்த நாட்டில்தான் அவர் பெயருக்காக ஆட்கள் அடி வாங்கியிருந்தார்கள்.

ஹாவெல் அவரை வணிகம், கலாச்சாரம், சுற்றுலா ஆகியவற்றுக்கான சிறப்புப் பிரதிநிதியாக இருக்கச் சொன்னார். ஸாப்பாவும் கிழக்கு ஐரோப்பாவுக்கு முதலீடு கொண்டுவர 'வொய் நாட்' என்ற பெயரில் நிறுவனம் வைத்து வேலையைத் தொடங்கினார். ஆனால் அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தவர் அதே ஜேம்ஸ் பேக்கர்! 1985ல் மூண்ட பகை 1990ல் வந்து நின்றது. அமெரிக்கத் தரப்பின் அழுத்தத்தால் அந்தப் பதவி சுருங்கிப்போனது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

1991 ஜூனில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவை விட்டு வெளியேறியதைக் கொண்டாட பிராக் நகரில் ஒரு கச்சேரி நடந்தது. ஸாப்பா மேடையேறி கிட்டார் வாசித்தார். பொது மேடையில் அவர் கடைசியாக கிட்டார் வாசித்த சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அவருக்கு புரோஸ்டேட் புற்றுநோய் என்ற செய்தி அதே வருடக் கடைசியில் வெளியானது. 1993 டிசம்பர் 4 அன்று, 52 வயதில், லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். அவருடைய கல்லறையில் பெயர்ப்பலகை கிடையாது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

கல்லறையில் பெயர் இல்லை. ஆனால் வானத்தில் இருக்கிறது! 1980ல் செக்கோஸ்லோவாக்கியாவின் கிளெட் வானாய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட 3834 எண்ணுள்ள சிறுகோளுக்கு, ரசிகர்களின் முயற்சியால், 1994ல் 'ஸாப்பாஃப்ராங்க்' என்று பெயர் சூட்டப்பட்டது. அடுத்த வருடம் வில்னியஸ் சிலை. அந்தச் சிலையின் பிரதி ஒன்றை லிதுவேனிய ரசிகர்கள் அவர் பிறந்த பால்டிமோருக்குப் பரிசளித்தார்கள். அது திறக்கப்பட்டது 2010 செப்டம்பர் 19. செனட் விசாரணை நடந்து சரியாக 25 வருடம்.

முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் பால்டிக் கடலோரம் பாட் டோபெரான் என்று ஒரு சின்ன ஊர். மேற்கத்திய இசைத்தட்டு சேர்த்தாலே ரகசியப் போலீஸின் கண் விழுந்த காலத்தில் அங்கே ஸாப்பா ரசிகர்கள் இருந்தார்கள். பெர்லின் சுவர் விழுந்ததும், 1990ல் 'ஸாப்பானாலே' என்ற விழாவைத் தொடங்கினார்கள். பிற்பாடு ஸாப்பாவின் பழைய குழு ஆட்களே அங்கே வந்து வாசிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. 2002ல் அங்கேயும் ஒரு மார்பளவுச் சிலை வைத்தார்கள்.

இங்கேதான் சிக்கல் வந்தது. ஸாப்பாவின் மனைவி கெய்ல் ஸாப்பா அவர் சொத்துகளை நிர்வகித்து வந்தார். 'ஸாப்பா' என்பது எங்கள் வணிகச் சின்னம், விழாவுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று ஜெர்மனியில் வழக்குப் போட்டார். 2009ல் டுஸல்டார்ஃப் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2012ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றத்திலும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. வெறுமனே இணையதள முகவரியில் பெயர் இருப்பது, வணிகச் சின்னத்தை உண்மையில் பயன்படுத்துவது ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

கெய்ல் ஸாப்பா 2015ல் இறந்த பிறகு சண்டை வீட்டுக்குள்ளேயே வந்தது. குடும்ப டிரஸ்ட்டில் இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 30 சதவீதம், இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 20 சதவீதம். அப்பாவின் பாட்டுகளை 2006 முதல் 'ஸாப்பா பிளேஸ் ஸாப்பா' என்ற பெயரில் மேடையில் வாசித்து வந்த மகன் டுவீஸில், 2016ல் அந்தப் பெயரைக் கைவிட வேண்டி வந்தது. சொந்தக் குடும்பப் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொந்த மகனுக்கே தடை! 2018ல் சமரசம் ஏற்பட்டது. 2022ல் யுனிவர்சல் மியூசிக் நிறுவனம் பாட்டுகள், டேப்புகள், பெயர், உருவம் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிக்கொண்டது.

இதைப் பார்த்து, ரசிகர்கள் நல்லவர்கள், சொத்து வைத்திருப்பவர்கள் கெட்டவர்கள் என்று முடிவு கட்டினால் அது தவறு. ஸாப்பா தன் டேப்புகளை வழக்குப் போட்டு மீட்டு, வீட்டு நிலவறையில் பத்திரப்படுத்தியிருக்காவிட்டால் பாதி அழிந்திருக்கும். உயிரோடு இருந்தபோது அவர் வெளியிட்டவை 60க்கும் மேற்பட்ட ஆல்பங்கள். இறந்த பிறகும் அந்த நிலவறையிலிருந்து டஜன் கணக்கில் வந்துவிட்டன. உரிமை என்ற ஒன்று இருந்ததால்தான் இது நடந்தது. அதே நிலவறையைக் காப்பாற்றவும் அவரைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கவும் 2016ல் இயக்குனர் அலெக்ஸ் வின்டர் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது, 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தவர்களும் ரசிகர்கள்தான். படம் 2020ல் வந்தது.

கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கட்டடம் போல, இயந்திரம் போல கண்ணால் பார்க்க முடியாத சொத்து. ஒரு நிறுவனம் தானாகச் சம்பாதித்த நற்பெயரை அதன் புத்தகத்தில் எழுத முடியாது. யாராவது விலை கொடுத்து வாங்கும்போதுதான் அதற்கு ஒரு தொகை கிடைக்கும், வாங்கியவரின் புத்தகத்தில் ஏறும். 2022ல் ஸாப்பாவின் பெயர் அப்படி ஒரு புத்தகத்தில் ஏறியது. ஆனால் அந்த நற்பெயரைச் சேர்த்தவர்களில் டிக்கெட்டோ இசைத்தட்டோ வாங்காதவர்களும் உண்டு. கொட்டகையில் ஒளிந்து வாசித்தவர்கள், டேப்பு நகலெடுத்தவர்கள், போலீஸில் அடி வாங்கியவர்கள், பார்க்காத மனிதருக்குச் சிலை வைத்தவர்கள். இவர்களுடைய பங்கு எந்த ஐந்தொகையிலும் வராது.

பாட்டைக் காப்பாற்றியது ஸாப்பாவின் கறார். பெயரைக் காப்பாற்றியது அவரிடம் அனுமதி கேட்காத ரசிகர்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இன்று யாரும் அவரைத் தேடிக் கேட்கப்போவதில்லை. புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 1969ல் வந்த 'ஹாட் ராட்ஸ்' ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அதில் பெரும்பாலும் வாத்திய இசைதான். கிண்டலுக்குப் பிறகு வரலாம்... முதலில் அந்தக் கிட்டாரைக் கேளுங்கள்!